சுட்டி ஊதிய பகல் சங்கு

எங்கள் தோட்டத்தில் ஒரு கன்றுக்குட்டி ஏப்பம் விட்டு, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களையும் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஃபெக்டரிச் சங்கு ஊத இன்னும் நேரம் கிடந்தது. அந்தச் சத்தத்துக்கு நோர்வூட்டில் ஒரு பஸ் தானாக நின்றது என்றும், நானுஓயா ஸ்டேஷனில் ஆள்கள் மூட்டை முடிச்சோடு எழும்பி ரயிலைத் தேடினார்கள் என்றும் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நான்தான் சொல்வேன். பஸ்ஸையும் ரயிலையும் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடையோடு எங்கள் வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, வந்து நின்றது நின்றதுதான்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வேலையை விட்டு நிற்கும்வரை ஃபெக்டரியில் சங்குக் கயிறு இழுத்த கை இது. இப்போது யாரோ சுவிட்சைத் தட்டுகிறார்கள். அது சங்கா, கொசு. என் காலத்தில் நான் ஒரு இழுப்பு இழுத்தால் பட்டிப்பொலயில் அடைகாக்கும் கோழி எழும்பி ஓடும். அதனால் எனக்கு லயத்தில் சங்கு மாமா என்றே பேர். எது சங்கு, எது சங்கு இல்லை என்று எனக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. ஒரே ஒரு ஆள் எடுப்பார். கணேசமூர்த்திக் கங்காணி.

"அண்ணே, கன்னுக்குட்டி ஏப்பம் விட்டு ஆளுக மலைய விட்டு எறங்குனாங்கன்னு வெளியில சொல்லாதீங்க. நம்ம தோட்டத்து ஆளுகளப் பத்தி என்னா நெனப்பாங்க."

"அப்ப எதுக்குய்யா எறங்குனாங்க?"

"மழ இருட்டிக்கிட்டு வந்துச்சி. நாந்தான் போகச் சொன்னேன்."

கணேசமூர்த்தி மழைக்கு ஆளை விடுகிற கங்காணி இல்லை. மலையே சரிந்து வந்தாலும் "இந்த நிரைய முடிச்சிட்டுப் போங்க" என்கிற மனுஷன். அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஆனால் அந்த நாள்களில் எங்கள் லயத்தில் சந்தேகப்படாத ஆளே கிடையாது. கன்றுக்கு வயிறு ஊதியது. எங்களுக்குப் புத்தி ஊதியது.

என் காம்பரா அறைக்கு மூன்றாவது கதவு ஜீவராணியுடையது. கொழுந்து பறிக்கிறவள். புருஷன் சின்னராசா பகலெல்லாம் வீட்டில் இருப்பான். பின்னேர பஸ்ஸைப் பிடித்து நோர்வூட்டில் ஒரு கடைக்கு ரொட்டி போடப் போவான். அவர்களுக்குக் கறுப்பி என்று ஒரு பசு இருந்தது. கன்று போட்டு எழும்பவே இல்லை. விடியக்குள்ள பார்த்தால் சில்லிட்டுக் கிடக்கிறது, பக்கத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கிடேரிக் கன்று நிற்கத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் சுட்டி என்று பேர்.

ஜீவராணிக்கு இரண்டு முட்டியிலும் வலி. ஏழாம் நம்பர் மலை செங்குத்து. அந்த மலையில் குடித்த தேத்தண்ணி தொண்டையில் இறங்காது, மேலேதான் ஏறும், அவ்வளவு செங்குத்து. சாக்கை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, காலைக் கடிக்கும் அட்டையைத் தட்டித் தட்டி ஏறும்போது அவள் ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"மாமா, இந்தச் சுட்டி வளந்து ஒரு கன்னு போடட்டும். றோசலின்க்கா மாதிரி நானும் கூடைய எறக்கிருவேன்."

றோசலின் ஐந்தாவது கதவு. தனி மனுஷி. ஒரு நல்ல பசு கிடைத்த அன்றைக்கே மலையை விட்டு நின்றவள். காலையில் பால் வண்டி ரோட்டு முனைக்கு வருமுன் கறந்து, கேனைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவாள். கறுப்பி போனதும், தாய் இல்லாத கன்றுக்குத் தினமும் தன் மாட்டுப் பால் தருகிறேன் என்று தானே வந்து சொன்னாள். பதிலுக்கு ஜீவராணி மலையிலிருந்து வரும்போது ஒரு கட்டுப் புல் அறுத்து வந்து றோசலின் பட்டியில் போட வேண்டும். இதுதான் பேச்சு. ஒரு சோடாப் போத்தல், அதன் வாயில் ஹட்டனில் வாங்கிய ரப்பர் காம்பு. சுட்டி அதைச் சப்பிச் சப்பி, வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் கல்யாண வீட்டில் கிழவன் பாயாசம் குடிக்கிற மாதிரி அவசரமே இல்லாமல் குடிக்கும்.

அவசரமெல்லாம் எங்களுக்குத்தான். அது பிறகு.

முதலில் சுட்டியின் இடது பக்கம் உப்பியது. குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம். தட்டினால் 'டொம்' என்றது. நானே தட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு மேளம் அடிக்க ஆள் பிடிக்க வேண்டாம், இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொன்னேன். ஜீவராணி சிரிக்கவில்லை. சாணி சாம்பல் நிறத்தில், களிமண் மாதிரி ஒட்டியது. வாயிலிருந்து புளித்த மோர் வாடை. பல்லை நறநறவென்று கடித்தது. உரோமம் குத்திட்டு, கண் உள்ளே போய், பிறந்த கன்று இரண்டு வாரத்தில் பெரியாளாகி நோயில் படுத்த மாதிரி ஆகிவிட்டது.

சின்னராசா முதலில் கண்ணூறு என்றான். கருப்புக் கயிறு கட்டினான், மிளகாய் சுற்றிப் போட்டான். யார் கண் என்று யோசித்தான்.

"கங்காணி அன்னைக்கி வந்து நின்னு, நல்ல கன்னுன்னாரு. அவரு எதையுமே நல்லதுன்னு சொல்ல மாட்டாரே. ஏன் சொன்னாரு?"

"எனக்கு அவரு மேல இல்ல," என்றாள் ஜீவராணி. "சங்கு மாமா வந்து வயித்தத் தட்டுனதுக்குப் பொறகுதான் கூடுச்சி."

நான் தட்டியது ஊதினதற்குப் பிறகு. அதை எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு நிமிஷம் என் கை மேல் சந்தேகம் வந்தது.

அப்புறம் களைக்கொல்லி என்றார்கள். புல்லே தின்னாத கன்றுக்கு எப்படிக் களைக்கொல்லி போகும் என்று கேட்டேன். அதற்கு என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். மிச்சமிருந்தது பால். ஜீவராணி போத்தலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். பனி மூடிய நாளில் சூரியன் ஏது? அன்றைக்குப் பனி எப்படியென்றால், சின்னராசா மண்வெட்டியை அதில் சாத்தி வைத்துவிட்டுப் போனான், விழவில்லை. ஆனாலும் அவள் போத்தலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

மலை ஊற்று கொட்டும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அது வெடித்தது. நான் முகம் கழுவப் போனவன். இரண்டு தரம் கழுவினேன், கேட்டுவிட்டுப் போகலாம் என்று.

"றோசலின்க்கா, ஒன்னு கேட்டா கோவிக்க மாட்டீங்களே."

"கேக்குறதுக்கு முந்தியே கோவிக்காதன்னா, கோவிக்கிற விசயந்தான். கேளு."

"பாலு முந்தி மாதிரி இல்லயே."

"எந்த முந்தி?"

"முந்தி போத்தல் உள்பக்கம் ஆடை ஒட்டும். இப்ப ஒட்டுறதில்ல."

"இப்ப நல்லாக் கழுவுறியோ என்னமோ."

"கழுவுறதெல்லாம் எப்பவும் கழுவுறதுதான். வண்டிக்காரன் பால் மானி போட்டுப் பாக்குறான், அவனுக்கு நல்ல பாலு போகுது. இந்தக் கன்னுக்கிட்ட மானி இல்லையே."

றோசலின் வாளியைப் பீலியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். தண்ணீர் சும்மா கொட்டியது.

"தண்ணி கலக்குறேங்குற."

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"மானின்னு சொன்னியே, அது வேற என்னாது? நானும் ஒன்னு கேக்குறேன் ஜீவராணி. நான் குடுக்குற பாலு முழுக்க அந்தக் கன்னு வயித்துக்குத்தான் போகுதா? ஒங்க வீட்டுத் தேத்தண்ணி இப்ப வெள்ளையா இருக்குன்னு நாலு பேரு சொல்றாங்க."

"எந்த நாலு பேரு?"

நான் முகத்தை மூன்றாம் தரம் கழுவினேன்.

"எம்மாட்டுக் கன்னும் இதே பாலத்தான் குடிக்குது," என்றாள் றோசலின். "அதுக்கு வயிறு ஊதுதா? பாலுல கோளாறுன்னா அதுக்கு ஏன் ஊதல?"

"அது மடியில குடிக்குது. இது போத்தல்ல குடிக்குது."

"அப்ப போத்தலப் போயிக் கேளு."

அத்தனை சண்டையிலும் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான். றோசலின் வீட்டுக்குப் போய் ஒரு செம்பு பாலோடு வந்தாள். எல்லாருக்கும் முன்னால் மடக்மடக்கென்று குடித்தாள். மீசையில் ஒட்டியதைத் துடைத்தாள். றோசலினுக்கு லேசாக மீசை உண்டு, கங்காணியுடையதைவிட நல்ல மீசை.

"நான் செத்தா நாளைக்கி மாதா கோயில் மணி அடிக்கச் சொல்லுங்க. சாகலன்னா, நாளையிலருந்து எம் பாலு ஒன் வாசலுக்கு வராது. ஒன் புல்லும் எனக்கு வேணாம். புல்லுல நீ என்னா கலக்குறியோ."

மறுநாள் கோயில் மணி அடிக்கவில்லை. பாலும் வரவில்லை.

ஜீவராணி கடையில் பால்மாப் பக்கெட் வாங்கிக் கரைத்துக் கொடுத்தாள். சுட்டி அதையும் ஒரே மூச்சில் குடித்தது. குடித்ததா, அதன் வாயில் ஊற்றியதா என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலை கன்று படுத்துவிட்டது. கழுத்தைத் திருப்பி விலாவில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு விட இடமில்லாமல் கிடந்தது. இடது பக்கம் முதுகெலும்புக்கு மேல் வீங்கி நின்றது.

வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். முதல் நாள் வேலைக்குப் போகாமல் கன்றோடு இருந்த ஜீவராணியால் இன்றைக்கும் வீட்டில் நிற்க முடியாது. சாக்கைக் கட்டினாள். கட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"டொக்டருக்கு போன் பண்ணுங்க. நான் வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா மலைக்கிச் சொல்லி அனுப்பாதீங்க. வந்தே பாத்துக்கிறேன்."

சின்னராசா போன் செய்துகொண்டே இருந்தான். கறுப்பியின் வம்சத்தில் மிச்சம் அந்த ஒன்றுதான் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உங்களுக்குச் சந்தேகம் என்றால் அங்கே நின்றவர்களைக் கேளுங்கள்.

மாட்டு டொக்டர் தனுஜா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது பனி விலகி நல்ல வெயில். ஹட்டன் பிள்ளை. சேற்றில் நேராக முட்டி போட்டு, விலாவில் காதை வைத்தாள், விரலால் சுண்டினாள்.

"எத்தன நாளா ஊதுது?"

"ஒரு வாரம் இருக்கும் டொக்டரம்மா. எங்களுக்கு ஒருத்தங்க மேல சந்தேகம்," என்றான் சின்னராசா.

"சந்தேகத்த அப்பறம் பாப்போம். தலையப் பிடிங்க."

பையிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்து எண்ணெய் தடவினாள். வாய் வழியாக மெல்ல மெல்ல உள்ளே விட்டாள். "வர்றத ஏந்த ஒன்னு வேணும். வாளி வேணாம், தெறிக்கும். கழுத்து ஒடுங்குனதா எதாச்சும் குடுங்க."

ஐந்தாவது கதவின் இஸ்தோப்புத் திண்ணையில் றோசலினின் பால் கேன் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. சின்னராசா அதைப் பார்த்தான், போய் எடுக்கவில்லை. நானும் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து றோசலின் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கன்றின் பக்கத்தில் வைத்தாள்.

"கன்னுக்காகத்தான் குடுக்குறேன்," என்றாள் கேனிடம்.

டொக்டர் குழாயின் மறு முனையைக் கேன் வாயில் வைத்தாள். இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளினாள்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் கேனுக்குள் ஒரு முனகல். அது தடித்தது, நீண்டது, அலுமினியம் அதிர்ந்து அதிர்ந்து, 'பூ...ம்' என்று எங்கள் லயத்துத் தகரமெல்லாம் நடுங்கியது. நான் இழுத்த சங்குகளிலேயே நல்ல சங்கு அப்படித்தான் இருக்கும்: அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் நின்று, கடைசியில் மெல்ல இறங்கும். என் வலது கை தானாக மேலே போய் இல்லாத கயிற்றைப் பிடித்தது. எதிர் மலை அதை வாங்கி ஏழாம் நம்பருக்குக் கொடுத்தது. வாடையைப் பற்றி மட்டும் நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். ஒரு காக்கை போய்விட்டது, திரும்பி வரவில்லை.

சுட்டியின் வயிறு கண் முன்னால் வற்றியது. பிறகு புளித்த தயிர்க்கட்டி குழாயில் வடிந்தது. கன்று ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தூக்கியது.

நாங்கள் கேனைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும்போதே மலைப் பாதையில் பேச்சுச் சத்தம். பார்த்தால் கூடையோடு பெண்கள் இறங்கி வருகிறார்கள். முன்னால் முட்டி வலிக்காரி ஜீவராணி, ஆட்டுக்குட்டி மாதிரிக் குதித்துக்கொண்டு.

"சங்கு ஊதிருச்சே, இன்னைக்கி என்னா முந்தியே..." என்று வந்தவள், தலையைத் தூக்கியிருந்த சுட்டியைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டர் கை கழுவிக்கொண்டு கேட்டாள். "பால் எதுல குடுக்குறீங்க? கொண்டாங்க."

போத்தலைக் கொண்டுவந்தார்கள். அதில் தண்ணீர் நிரப்பி, காம்பை மாட்டி, கவிழ்த்தாள். தண்ணீர் பீலி மாதிரிக் கொட்டியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போத்தல் காலியாயிற்று.

"இது சொட்டுச் சொட்டா வரணும். கன்னு சப்பினாத்தான் வரணும். சப்பிக் குடிச்சா உள்ளுக்குள்ள ஒரு வழி தானா மூடிக்கும், பால் அதுக்குரிய வயித்துக்குப் போகும். இப்பிடிக் கொட்டுனா அது என்னா செய்யும்? விழுங்குது. பால் பெரிய வயித்துல போய் விழுது. அது புல்லுக்கான வயிறு. அங்க கெடந்து புளிக்குது, காத்து கட்டுது. எந்தப் பாலா இருந்தாலும் இதுதான் நடக்கும். காம்புல இந்த ஓட்டைய யாரு போட்டது?"

பெண்கள் சின்னராசாவைப் பார்த்தார்கள். சின்னராசா என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை.

"நான் கொஞ்சூண்டுதான்," என்றான் சின்னராசா கடைசியில். "பின்னேரம் பஸ்ஸு போயிரும் டொக்டரம்மா. இது ஆடி அசஞ்சி குடிக்கும். ஊசியச் சுட்டு லேசா ஒரு குத்து. இவளுக்குச் சொல்லல, ஏசுவான்னு."

ஜீவராணி அவனை ஏசவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"நீயுமா?" என்றான்.

"பெரட்டுக்குத் தப்பு அடிச்சிருவாங்களே. பிந்திப் போனா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. சாரிப் பின் ஊசியாலதான்... நீங்க குத்துனது எனக்கு எப்பிடித் தெரியும்? என்னடா பாலு இப்பிடித் தண்ணியாக் கொட்டுதேன்னு றோசலின்க்கா மேல..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எல்லாருடைய கண்ணும் றோசலின் பக்கம் போனது. றோசலின் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகப் போனவள் நின்றாள்.

"நீங்க நானுஓயா கல்யாணத்துக்குப் போன ஞாயித்துக்கெழம நாந்தான பால் குடுத்தேன். பூசைக்கி மணி அடிச்சிட்டாங்க. இது விட்டாத்தான. குத்தல, கத்தரிக்கோலால ஓரத்துல ஒரு நறுக்கு."

டொக்டர் தனுஜா காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முழு முகமும் தெரிந்திருக்கும்.

"புதுக் காம்பு வாங்குங்க. தலைய மேல தூக்கின மாதிரி வச்சிக் குடுங்க. மெதுவாக் குடிக்கட்டும். யாருக்கு அவசரமோ அவங்க குடுக்க வேணாம்." என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க சும்மாதான இருக்கீங்க?"

அப்படித்தான் எனக்கு ஓய்வுக்குப் பின் வேலை கிடைத்தது. ஆனால் பால் வேண்டுமே. மறுநாள் விடியக்குள்ள ஜீவராணி, வழக்கத்தைவிடப் பெரிய புல்லுக்கட்டு ஒன்றோடு றோசலின் பட்டியடியில் போய் நின்றாள். ஏழாம் நம்பர் மலையையே சுருட்டிக் கட்டின மாதிரி ஒரு கட்டு. றோசலின் கறந்து முடித்து எழும்பினாள். புல்லைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஒன்னும் கலக்கலயே?"

"தண்ணிதான் கலந்திருக்கு. பனித்தண்ணி."

றோசலின் போத்தலை நிரப்பி, அதைப் புல்லுக்கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ஆடை ஒட்டுதான்னு பாத்துக்க" என்றாள்.

சுட்டி வளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தச் சங்கு விசயம் மட்டும் முடியவில்லை. ஃபெக்டரியில் அன்றைக்கு யாரும் முந்தி ஊதவில்லை என்று விசாரித்துச் சொன்னார்கள். தோட்டத்துப் பெரிய அதிகாரி, துரை, கேட்டதற்குக் கங்காணி மழை என்றார். அன்றிலிருந்து எங்கே கேட்டாலும் மழைதான். அன்றைக்கு வெயில் அடித்ததே என்றால், மலையில் மட்டும் மழை என்பார். ஏழாம் நம்பர் மலைக்கு மட்டும் தனி வானம் வாங்கி வைத்திருந்தார். நான் கதையைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அவர் மழையைப் பெரிதாக்கினார். போன வருஷம் அதில் இடியும் சேர்ந்தது.

போன கிழமை சுட்டி கன்று போட்டது. கிடேரி. அதற்கும் நெற்றியில் பொட்டு. தாய் மடியிலேயே முட்டி முட்டிக் குடிக்கிறது. போத்தலை யாரும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ஜீவராணி கூடையைக் கழுவிக் காயவைத்துக் கோழிக்குக் கொடுத்துவிட்டாள். கோழி அதில் முட்டையிடுகிறது. கன்று குடித்து மிஞ்சின சீம்பாலைக் காய்ச்சி, கருப்பட்டி போட்டு லயம் முழுக்கக் கொடுத்தார்கள். முதல் கிண்ணம் றோசலினுக்கு. அவள் ஆறவைத்துக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, அகப்பையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

வேலை முடிந்து அந்த வழியாகக் கணேசமூர்த்தி வந்தார். வாசனைக்கு நின்றார்.

"கங்காணி, சீம்பாலு இருக்கு," என்றாள் ஜீவராணி.

"கொஞ்சமாக் குடு தங்கச்சி. வீட்டுக்கும் ஒரு கிண்ணம்."

றோசலின் அகப்பையைத் தூக்கினாள், ஊற்றவில்லை. "அன்னைக்கி மழ பேஞ்சுதா தம்பி?"

"எந்த அன்னைக்கி?"

"தெரியும் ஒங்களுக்கு. என் வெளுத்த துணியெல்லாம் கொடியில காஞ்சுது."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் வாயையே திறக்கவில்லை. அதுவும் ஒரு அதிசயம்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டிக்குள் சுட்டி அசைபோட்டுக்கொண்டு அவரையே பார்த்தது. கட்டிப்பால் அகப்பையில் ஆடியது.

கணேசமூர்த்தி தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"தொரகிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார் மெல்ல. "நல்ல சங்கு மாதிரியே இருந்துச்சி. சங்கு மாமா காலத்துச் சங்கு. 'கூடைய எறக்குங்க, போகலாம்'னு மொதல்ல சொன்னவனே நாந்தான்."

றோசலின் ஊற்றினாள்.